திரும்பும் நேரம்

அக்காவுக்கு ஒரு மணி வேண்டும். சாயங்காலம் என்று சொன்னால் போதாது. "சாயங்காலம்னா?" என்பார். ஆறு, ஆறரை என்றால், "ஆறா, ஆறரையா?" என்பார். பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். தஞ்சாவூர் பஸ் கிளம்புவதற்கு உறுமிக்கொண்டிருக்கும். அக்கா மெஷின் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு நம் முகத்தையே பார்ப்பார். ஒரு மணியைச் சொல்லும்வரை அந்த விரல் அழுந்தாது.

எங்கள் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஆற்றங்கரையை ஒட்டி, நகராட்சியின் வண்டி ஸ்டாண்டு இருக்கிறது. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் வண்டியை அங்கே போட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். வாசலில் இடுப்புயரத்துக்கு இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. வண்டி நம்பரையும் திரும்பும் நேரத்தையும் அழுத்தி, காசு போட்டால் சீட்டு வரும். பொதுமக்களே பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வைத்த மெஷின்கள். இரண்டு மழைக்காலத்தில் பொத்தான்களிலிருந்த எண்கள் அழிந்துபோயின. எந்தப் பொத்தான் எந்த எண் என்பது அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் அவர் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் அவரை அங்கே நியமிக்கவில்லை. யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.

நான் அப்போது தஞ்சாவூரில் போட்டித் தேர்வு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு வருவே?"

"வகுப்பு முடிஞ்சதும் வந்துருவேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்? மணி சொல்லு."

"ஏதோ ஒண்ணு அழுத்துங்கக்கா. பஸ்ஸு போயிரும்."

"ஏதோ ஒண்ணு அழுத்துனா அப்பறம் எதை வச்சித் தேடுறது?"

கோபமாகச் சொல்லவில்லை. விவரம் கேட்பது போலத்தான் சொன்னார். ஐந்து மணி என்றேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. என்னை எதற்குத் தேட வேண்டும்?

சொன்ன நேரத்துக்கு வராதவர்களை அவர் சும்மா விடமாட்டார். ஒரு கல்லூரி ஆசிரியரை என் கண்முன்னாலேயே பிடித்து நிறுத்தினார். "அஞ்சரைன்னுட்டு ஏழுக்கு வர்றீங்க சார். இந்த ஒன்றரை மணி நேரமும் நான் வர்ற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

ஆசிரியர் சிரித்தார். "எங்க வீட்டுல கூட இப்படி யாரும் கேக்கிறதில்லம்மா."

அக்கா சிரிக்கவில்லை. "கேக்கச் சொல்லுங்க" என்றார்.

ஏன் இப்படி என்று ஒரு ஐப்பசி அடைமழையில் கேட்டேன். பஸ் வரவில்லை. தகரக் கூரைக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர்தான்.

"நான் இங்க கூட்ட வந்த புதுசு. ஒரு மொபெட்டு நின்னுச்சு. ஹேண்டில்ல சாப்பாட்டுப் பை தொங்குது. மொத நாளு அதைச் சுத்திக் கூட்டுனேன். ரெண்டாம் நாளும் சுத்திக் கூட்டுனேன். ஆறாம் நாளு பை நாத்தம் எடுத்துச்சு, கீழ கொட்டுனேன். ஒம்பதாம் நாளு அந்தாளு பொண்டாட்டி வந்துச்சு. அதுக்குள்ள அவரு ஆத்துல கதவணைக்கிட்ட பொணமா ஒதுங்கியிருந்தாரு. அந்தப் பொம்பளை என்னையக் கேட்டுச்சு, போவும்போது ஏதாச்சும் சொன்னாராக்கான்னு. நான் அந்தாளு மூஞ்சியவே பாக்கலையே."

சாரல் படாமல் ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டார். "ஒம்பது நாளு சுத்திச் சுத்திக் கூட்டியிருக்கேன்" என்றார்.

அதன்பிறகு அவர் யார் முகத்தையும் பார்க்காமல் விட்டதில்லை. நன்னிலம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்த நாளில் நானும் வரிசையில் நின்றேன். பால் பிடிக்கிற நேரத்தில் மழை பெய்து சம்பா முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்த வருஷம் அது. வண்டி நம்பரைச் சொன்னார். எத்தனை மணிக்கு என்று அக்கா கேட்டதற்குப் பதில் இல்லை. இரண்டாம் தடவை கேட்டதற்கு, "தெரியலம்மா" என்றார்.

அக்கா எழுந்து அவர் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நகராட்சி கொடுத்த பச்சை மேல்சட்டை, புடவைக்கு மேல் எப்போதும் போட்டிருப்பார். "ஒக்காருங்க" என்று ஸ்டூலைக் காட்டினார். வரிசை நீண்டது, ஆட்கள் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு டீ வாங்கிவரச் சொன்னார், நான் போய் வாங்கிவந்தேன். மத்தியானம் நான் திரும்பி வந்தபோதும் அந்த மனிதர் அதே ஸ்டூலில் இருந்தார். அக்கா நின்றுகொண்டே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டுல யாரு போன் எடுப்பா?"

மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் வண்டியின் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினாள். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மனிதர் அடுத்த வருஷமும் வந்தார். "நாலே முக்கால்" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது அவரை அல்ல. ஒரு மருந்துக்கடை விற்பனையாளர் ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனவர், தஞ்சாவூர் ரோட்டில் பஸ் லாரியில் மோதி இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வருகிறேன் என்று போன ஓர் அம்மாள் அங்கேயே இறந்துவிட்டார். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. அவ்வளவுதான், அந்தப் பொம்பளைக்குக் கருநாக்கு, எப்ப வருவேன்னு அவ கேட்டா திரும்பி வர முடியாது என்று பேச்சு கிளம்பியது. சிலர் வண்டியை டீக்கடை வாசலில் போட ஆரம்பித்தார்கள். என்னோடு வகுப்புக்கு வந்த பெண்ணின் அம்மா, அந்தப் பொம்பளை முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லு என்று மகளிடம் சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். "வராதவங்கள மட்டும்தான் எண்ணுறாங்க" என்றார் என்னிடம். கேட்பதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். அது இன்னும் பயமாக இருந்தது. காதருகே வந்து கேட்பதுபோல இருக்கும்.

நான் தேர்வில் தேறி, எங்கள் ஊர் நகராட்சியிலேயே வருவாய்ப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே அக்கா என்னை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியும் மாற்றவில்லை.

ஸ்டாண்டு மெஷின்களை மாற்றும் கோப்பு என் மேசைக்கு வந்தது. மாற்றத்தான் வேண்டும். மழை பெய்தால் பெட்டியைத் தொட்டவர்களுக்கு ஷாக் அடித்தது. பாகங்கள் கிடைக்கவில்லை, செய்த கம்பெனியே மூடிவிட்டது. புதியது ஒரு கம்பம், அதன் உச்சியில் கேமரா. உள்ளே வரும் வண்டியின் நம்பரை அதுவே படித்துக்கொள்ளும். வெளியே போகும்போது போனிலேயே பணம் கட்டிவிடலாம். பஸ்கள் நிற்கிற இடத்தைப் பார்த்து இன்னொரு கேமராவும் உண்டு.

ஆணையர் கோப்பைப் படித்துவிட்டு, "அந்தம்மா பத்திப் புகார் இருக்குல்ல, அதையும் சேத்து எழுதிருங்க" என்றார். எழுதினேன். 'பணியாளர் பொதுமக்களிடம் தேவையற்ற கேள்விகள் கேட்பதாகப் புகார்கள் வரப்பெற்றுள்ளன. புதிய இயந்திரங்களுக்குப் பணியாளர் தேவையில்லை.' இரண்டாவது வரி மட்டுமே போதும், காரியம் நடந்திருக்கும். முதல் வரியை நான் எழுதாமல் விட்டிருந்தால் ஆணையர் கவனித்திருக்கவும் மாட்டார். அழகான கையெழுத்தில் எழுதினேன்.

புதிய மெஷின் மாட்டிய அன்று அக்கா வந்து நின்றார். அவரைக் குப்பை பிரிக்கிற உரக்கிடங்குக்கு மாற்றிய உத்தரவு அப்போது போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மெஷின் மாட்ட வந்தவரிடம் கேட்டார்.

"தம்பி, இது எத்தனை மணிக்கு வருவீங்கன்னு கேக்குமா?"

"கேக்காதும்மா. தேவையில்ல. எப்ப வெளிய போறாங்களோ அப்ப அதுவே பாத்துக்கும்."

"வெளிய போவலன்னா?"

"போற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்."

அக்கா கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். "வெறும பாத்துக்கிட்டு மட்டும் இருக்குமா?"

"ஆமாம்மா. ராத்திரி பகலா பாக்கும்."

ஆற்றில் மேட்டூர்த் தண்ணீர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்த சமயம். அக்கா மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தார். கையை முழங்கை வரைக்கும் கழுவியிருந்தார். கதவருகிலேயே நின்றுகொண்டார்.

"மேடம், ஸ்டாண்டுல பின்பக்கம் ஒரு செவப்பு ஸ்கூட்டி மூணு நாளா நிக்குது. வேலைக்குப் போற வழியில தெனம் பாக்குறேன்."

"சிஸ்டம் பாத்துக்கும்க்கா."

"அது பாத்துக்கிட்டுத்தான் இருக்கு."

வேறு வழியில்லாமல் கணினியில் தேடினேன். ஸ்கூட்டர் உள்ளே வந்த படம் கிடைத்தது. இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது அந்தப் பெண்ணுக்கு. கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. காலடியில் ஒரு துணிப்பை. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "வீடு எங்கன்னு பாருங்க மேடம். இன்னிக்கே போயிருவோம்" என்றார். ஒன்பது நாள் கூட்டிய கை அது, அவரால் காத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. வண்டி நம்பரை வைத்து விலாசம் வாங்கினேன். என் ஸ்கூட்டரிலேயே கிளம்பினோம்.

நன்னிலம் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஊர். இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. வீடு பெரியது. இரும்பு கேட்டு, வாசலில் கார். அந்தப் பெண்ணின் மாமனார் வெள்ளை வேட்டியில் வந்து கேட்டைத் திறந்தார். நிதானமான மனிதர். என்னை நாற்காலியில் உட்காரவைத்து காபி கொண்டுவரச் சொன்னார். அக்கா கேட்டோரமாக நின்றார். பச்சை மேல்சட்டையைப் பார்த்த மாமனார் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"மருமக தாய் வீட்டுக்குப் போயிருக்குதும்மா. பையன் குவைத்துல இருக்கான். ஒண்ணும் பயப்படறதுக்கு இல்ல."

"வண்டி ஸ்டாண்டுல நிக்குதுங்களே" என்றேன்.

"அதான் யோசிக்கிறேன்." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மாமியார் வாசற்படி வரைக்கும் வந்து, கணவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மாமனார் குரலை மாற்றாமல் கேட்டார். "உங்க மெஷினு, எந்த பஸ்ல ஏறுச்சுன்னு காட்டுமாம்மா?"

"காட்டுங்க சார். பஸ் நிக்கிற எடத்தையும் பாக்குற மாதிரி கேமரா வச்சிருக்கோம்."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

திரும்பி வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்றார்.

"மாடி ரூம்புக் கதவுல தாப்பா வெளிப்பக்கம் போட்டிருக்கு. புதுத் தாப்பா. பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.

"ஆத்துல விழப் போற பொண்ணு துணிமணிய எடுத்துக்கிட்டுப் போவாது. படத்துல பை புடைச்சிக்கிட்டு இருந்துச்சு. பாத்தேன் மேடம். பாத்துட்டும் ஒங்கள இழுத்துக்கிட்டு வந்தேன்." சேற்றில் குனிந்திருந்த நடவுப் பெண்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அது சாவப் போவல. பொழைக்கப் போயிருக்கு. அந்தாளு வந்து கேட்டா காட்டாதீங்க."

மறுநாள் காலையில் அந்த மாமனார் ஒரு கவுன்சிலரோடு வந்தார். ஆணையர் கூப்பிட்டு அனுப்பினார். நான் காட்டினேன். அந்தப் பெண் முன்பக்கப் படியில் ஏறினாள், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பஸ் போனது. திருப்பூர் என்று பலகையில் தெரிந்தது. அவர் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

ஐந்தாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்கூட்டரை எடுக்கக் காரில் வந்தபோது அந்தப் பெண்ணையும் கூட்டிவந்திருந்தார்கள். பின் சீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்து அக்கா உரக்கிடங்கிலிருந்து ஓடிவந்திருக்கிறார். கார் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்திருக்கிறார்.

"அது என்னையப் பாத்துச்சு மேடம். யாரோ பாக்குறாங்கன்னு பாத்துச்சு. நாந்தான் காட்டிக் குடுத்தேன்னு அதுக்குத் தெரியாது" என்றார் அன்று சாயங்காலம். பிறகு, "போலீசுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டார்.

"குடும்ப விஷயம்க்கா. நாம என்னன்னு போய்ச் சொல்றது?"

அக்கா தலையாட்டினார். என்னோடு வாதாடவில்லை. அதற்குப் பிறகு பல வாரம் அலுவலகம் பக்கமே வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை ரோட்டில் பார்த்தேன். கால் நகங்களில் வயல்சேறு.

"ஞாயித்துக்கெழமையானா களை எடுக்கப் போறேன் மேடம். அந்த வீட்டு வயலுக்குத்தான்."

"அவருக்கு உங்களைத் தெரியுமேக்கா."

"சட்டையத்தான் தெரியும். கழட்டிட்டுத்தான் போறேன்."

"எதுக்குக்கா இதெல்லாம்?"

"மத்தியானம் மோரு அந்தப் பொண்ணு கையாலதான் வருது. மாமியாக்காரி பின்னாடியே வருவா. எடது கைய முந்தானைக்குள்ளயே வச்சிருக்கு. நாலு வாரமா அந்தக் கைய நான் பாக்கல. நேத்து மாமியாக்காரிக்கு போன் வந்துச்சு. அந்த நேரத்துல பேசிட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"கேக்கல. சொன்னேன்."

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அது ஒங்களுக்கு வேணாம் மேடம்" என்று நடையைக் கட்டினார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

தை கடைசியில் அறுவடை மும்முரம். நெல் மூட்டைகளோடு ஊரே கொள்முதல் நிலையத்தில் கிடந்தது. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அந்த மாமனார் தனியாக வந்தார். ஆணையர் தஞ்சாவூர் போயிருந்தார். என் எதிரே உட்கார்ந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் ரெண்டு மணிலேருந்து போட்டுக் காட்டும்மா. வீட்டுல எல்லாரும் நெல்லு போடப் போயிருந்தோம்."

"சர்வர் உள் ரூம்ல இருக்குங்க. பாத்துட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். இரண்டு நாற்பதுக்கு வந்தார்கள். அந்தப் பெண் காலில் செருப்பில்லை. இரண்டு பையையும் அக்காவே தூக்கிக்கொண்டு வந்தார். பச்சை மேல்சட்டை இல்லாமல் அவர் வேறு யாரோ மாதிரி இருந்தார். பஸ் வர நேரமானது. அந்த நேரம் முழுக்க அவர் அந்தப் பெண்ணை ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்தி, தான் முன்னால் நின்றார். பஸ் வந்ததும் அவளை முதலில் ஏற்றினார். தான் ஏறுவதற்கு முன் அண்ணாந்து கேமராவை நேராகப் பார்த்தார். யார் பார்ப்பார்கள் என்று தெரிந்துதான் பார்த்தார்.

அது எந்த பஸ் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த ஒரு நாளை முழுவதுமாக அழித்தேன். கடவுச்சொல்லை மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தேன்.

"நேத்து கரண்டு கட்டுங்க சார். பதிவாகல."

"நேத்து டவுன்ல கரண்டு இருந்துச்சேம்மா."

"ஸ்டாண்டு லைன்ல மட்டும் இல்லீங்க."

அவர் என்னையே பார்த்தார். "அப்படியா" என்றார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி எழுந்து போனார்.

என் பெயரில் உள்ளே நுழைந்துதான் பதிவு அழிக்கப்பட்டது என்று மெஷின் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. மெமோ வந்தது. தவறுதலாக நடந்துவிட்டது என்று விளக்கம் கொடுத்தேன். என்னைப் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். மருமகள் போன அதே நாளிலிருந்து உரக்கிடங்கில் ஒரு பெண் வேலைக்கு வரவில்லை என்பதும் மாமனாருக்குத் தெரிந்துவிட்டது. கிடங்கு ஆட்களிடம் போய் விசாரித்திருக்கிறார். அங்கே யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தக்காரரிடம் ஒரு பெயரும் கைநாட்டும்தான் இருந்தன, படம் இல்லை.

அதனால் என்னிடம் வந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். கும்பிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து போனை நீட்டுவார். எங்கெங்கோ இருக்கிற சொந்தக்காரர்கள் எடுத்து அனுப்பிய படங்கள். ஏதோ ஒரு சந்தையில் ஒரு பெண். ஏதோ ஒரு மில் வாசலில் ஒரு பெண். "எனக்கு அந்தப் பொம்பளை மூஞ்சி ஞாபகம் இல்லம்மா. நீதான் பழகுனவ. இதுவா?" என்பார். இல்லை என்பேன். உண்மையாகவே இருக்காது. "சரிம்மா, அடுத்த மாசம் வர்றேன்" என்று போய்விடுவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன மாதம் அவர் நீட்டிய படத்தில் அக்கா இருந்தார். ஒரு தெருவில், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையோ திரும்பிப் பார்த்தபடி. பின்னால் ஒரு மாவு மில்லின் பலகை, ஊர்ப் பெயரோடு.

"இவங்க இல்லீங்க" என்றேன்.

அவர் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "நல்லா பாத்துச் சொல்லும்மா. மத்த படத்தையெல்லாம் நீ இவ்வளவு நேரம் பாக்கல."

"இல்லீங்க."

"சரிம்மா."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எப்போதும் நன்னிலம் ரோட்டில் திரும்புகிற கார் அன்று எதிர்ப்பக்கம் திரும்பியது. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கார் பஸ்ஸைவிட வேகமாகப் போகும் என்று தெரிந்தும் ஏறினேன். வேறு என்ன செய்வது? அக்காவின் போன் நம்பர் என்னிடம் இல்லை.

மூன்று மணி வெயிலில் அந்த ஊரில் இறங்கி, மாவு மில்லைக் கேட்டுக் கேட்டுப் போனேன். எதிர்ச் சந்தில் ஒரு சின்ன ஓட்டு வீடு, பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"அம்மாவும் மகளும் இருந்தாங்க. காலி பண்ணிட்டுப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்தம்மா எங்கேயும் ஆறு மாசத்துக்கு மேல தங்க மாட்டாங்களாம், அதுவே சொல்லுச்சு. எங்க போறோம்னு சொல்லல. அந்தப் பொண்ணுக்குத் தையல் வேலை நல்லா வந்துச்சு, கை ஒண்ணு சரியில்லாட்டியும்." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பத்தான் ஒரு பெரியவரும் வந்து கேட்டுட்டுப் போனாரு. நீங்க அவங்களுக்கு ஒறவா?"

அந்தப் படம் பழைய படம். அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் போய்விட்டிருந்தார். பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். திரும்பினேன்.

சந்து முனையில் கார் நின்றிருந்தது. அவர் முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்தால் படத்தில் இருப்பது அக்காதான் என்று உறுதியாகிவிடும், அதற்குத்தான் காத்திருந்திருக்கிறார்.

"நீயும் தேடித்தான் வந்தியாம்மா" என்றார். எப்போதும்போலக் கும்பிட்டார். "ஏறிக்க. ஊருக்குத்தானே, விட்டுர்றேன்."

நான் ஏறவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தக் கார் எனக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தது.